வைக்கோலுக்கு என்சைம் பவுடர்: ரெண்டு வருஷமா போட்டுப் பார்த்ததில்

மாதவரம் பக்கம் சின்னதாக ஒரு மாட்டுக்கொட்டகை, எல்லாம் ஜெர்சி கலப்பினம். மேய்ச்சல் கிடையாது. திருவள்ளூர்ப் பக்கமிருந்து வண்டியில் இறங்கும் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, உளுந்தம்பொட்டு, கிடைத்தால் கோ-4 புல்லுக்கட்டு, அவ்வளவுதான். வைக்கோலில் புரதம் 4 சதவீதம் இருந்தாலே பெரிசு. மிச்சம் நாரும் சிலிக்காவும். மாடு வயிறு நிறையத் தின்கிறது, பாலில் தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பவுடர்.

உள்ளே இருப்பது செல்லுலேஸ், சைலனேஸ் என்ற நாரை உடைக்கும் நொதிகள் (என்சைம்). டிரைக்கோடெர்மா, ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகளிலிருந்து எடுப்பார்கள். மாட்டின் பெருவயிற்றில் (தீவனம் முதலில் போய் ஊறும் பெரிய இரைப்பை) இருக்கும் நுண்ணுயிர்களே இந்த நொதிகளைச் சுரக்கின்றன. நாம் கொடுப்பது அதற்கு மேல் கொஞ்சம். தாளை விறைப்பாக்கும் லிக்னின் என்ற மரச்சத்தை இது கரைக்காது. அதனால் வைக்கோல் பசும்புல்லாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"தீவனத்துல தூவி விடுங்கண்ணே, ஒரே வாரத்துல பால் ஏறும்" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். அப்படித் தூவியதில் ஒன்றும் நடக்கவில்லை. சினை ஊசி போட வந்த டாக்டர்தான் காரணம் சொன்னார்: நொதியும் ஒரு புரதம்தான், சும்மா உள்ளே போனால் பெருவயிற்றிலேயே கணிசமாகச் சிதைந்துவிடும், தின்பதற்கு முன்பே ஈர நாரில் ஒட்டிக்கொண்டால் தாக்குப்பிடிக்கும். அதன்பிறகு ராத்திரியே நறுக்கிய வைக்கோலைப் பரப்பி, பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளித்து, சாக்கு போட்டு மூடிவிடுகிறோம். காலைக் கறவை முடிந்ததும் தொட்டியில் போடுவோம். கத்திரி வெயிலில் மதியம் வரை வைத்தால் புளிச்ச வாடை வந்துவிடும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

பலன் முதலில் தெரிந்தது பாலில் அல்ல, சாணியில். ஒரு கை சாணியைச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசுவேன். முன்பு விரல்நீள வைக்கோல் தாள் அப்படியே நிற்கும். இப்போது நிற்பது பெரும்பாலும் பொடித்துண்டுகள். தொட்டியில் ஒதுக்கிவைக்கும் தடித்த தாளும் குறைந்தது. பால், புதிதாகக் கன்று போட்ட மாடுகளில் வேளைக்கு அரை லிட்டர் போல ஏறியது. கறவை வற்றும் நிலையில் இருப்பவற்றில் ஒரு மாற்றமும் இல்லை, அவற்றுக்கு இப்போது கொடுப்பதே கிடையாது. பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) பழைய அளவில்தான் காட்டுகின்றன. பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

நம்ம ஊரில் இதைக் கெடுப்பது கல்யாண மண்டபச் சாதம். முகூர்த்த நாளில் அண்டா அண்டாவாகச் சும்மா கிடைக்கிறதே என்று கொட்டுகிறோம். அது சீக்கிரம் புளித்து, பெருவயிற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்குக் கீழே போனால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். அப்புறம் எந்தப் பவுடரும் காசுக்குக் கேடு. மழையில் நனைந்து கறுத்த வைக்கோலுக்கும் இது மருந்தல்ல, பூஞ்சணம் பூஞ்சணம்தான்.

இடம் இருப்பவர்கள் பவுடருக்குப் பதில் வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் 21 நாள் மூட வேண்டும். செலவு குறைவு, தழைச்சத்தும் கூடும். என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. ஆனால் திறக்கும்போது வரும் அம்மோனியா நெடிக்கு எங்கள் தெருவில் பஞ்சாயத்தே கூடிவிடும். அதனால்தான் பவுடரோடு நிற்கிறேன்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிராமுக்குச் செல்லுலேஸ் எத்தனை யூனிட், சைலனேஸ் எத்தனை யூனிட் என்று போட்டிருக்க வேண்டும். கொழுத்த மாட்டின் படமும் "அதிக பால்" என்ற எழுத்தும் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிரித்த பாக்கெட்டைத் தகரக்கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். இந்தக் கடற்கரைக் காற்றில் கட்டிதட்டிவிடும், சூட்டில் வீரியமும் போய்விடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.