வேலூரில் ஒரு வலி நிவாரணப் பிரிவு: எங்கள் அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்தை ஏற்றிய பின் அம்மாவின் உள்ளங்கால்கள் இரவெல்லாம் தீப்பட்டதுபோல் எரிந்ததால், காட்பாடியிலிருந்து வேலூர் மருத்துவமனை ஒன்றின் வலி நிவாரணப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். பரிசோதித்த மருத்துவர், இது நோய் பரவியதன் அறிகுறியன்று, மருந்தால் நரம்புகள் பழுதானதன் விளைவு என்றும், சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவா என்றும் பொறுமையாக விளக்கினார். இந்த நரம்பு வலிக்கு, மனச்சோர்வுக்கும் தரப்படும் டுலாக்செடின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என எச்சரித்தார். மரத்த கால் சூட்டை உணராது, எனவே வெறுங்காலுடன் நடக்க வேண்டாம் என்ற அறிவுரையின் அருமை வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்குப் புரியும். சில வாரங்களில் எரிச்சல் தணிந்து அம்மா உறங்கத் தொடங்கினார். மரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு மணி நேரக் காத்திருப்பும் போதிய இருக்கைகள் இல்லாததும் நோயாளிக்குக் கொடுமையே.