மொட்டை மாடிக்குக் கீழே ஆர்டிஎக்ஸ் 4060

1080பி மானிட்டரில் சைபர்பங்க் 2077 கேம் திக்கித் திணறாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு தாராளமாகப் போதும். 1440பி மானிட்டர் வாங்கும் யோசனை இருப்பவர்கள் வேறு கார்டு பார்க்கலாம். இதில் இருப்பது 8 ஜிபி மெமரி மட்டுமே.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான் நுழைந்த கடைகளில் எல்லாம் முந்தைய தலைமுறைக் கார்டான 3060-ஐயும் எடுத்து வைத்தார்கள். "12 ஜிபி ப்ரோ, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 2021-இல் வந்த அந்தக் கார்டுக்கு 192 பிட் பஸ், அதாவது மெமரிக்குப் போய்வரும் பாதை. இதற்கு 128 தான். ஆனால் அது 170 வாட், இது 115 வாட். பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறை என்னுடையது. கார்டு இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாக என் முகத்தில்தான் அடிக்கும். மே மாதத்தில் 55 வாட் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. போதாததற்கு, இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் வசதி இந்த 40 வரிசையில் உண்டு, 3060-இல் கிடையாது.

கார்டைவிட அதைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை. எனக்குக் கிடைத்த ஒரு கொட்டேஷனில் ரைசன் 5 5600ஜி பிராசஸர் போட்டிருந்தார்கள். 5600-க்கும் அதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. 4060 போர்டுடன் வெறும் 8 லேன்களில், அதாவது டேட்டா பாதைகளில், பேசும் கார்டு. 5600ஜி-யில் அந்தப் பாதைகளின் பழைய பதிப்பான பிசிஐஇ 3.0 மட்டுமே இருப்பதால், 5600-இன் 4.0-வோடு ஒப்பிட்டால் வேகம் பாதியாகிவிடும். கார்டின் மெமரியில் இடம் இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி, சிஸ்டம் ரேமிலிருந்து எடுக்கத் தொடங்கும்போதுதான் படம் வெட்டி வெட்டி ஓடும். எனவே சாதா 5600, பி550 போர்டு என்று மாற்றச் சொன்னேன். அதே சீட்டில் 16 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தது. அதையும் வேகத்துக்காக இரண்டு 8 ஜிபியாக மாற்றினார்கள், முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டே. வீட்டுக்கு வந்ததும் போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் 3200 ரேம் வாங்கியும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

ஹார்ட் டிஸ்க்கில் கேமைப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2023-இல் 2.0 அப்டேட் வந்தபிறகு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று போட்டிருக்கிறார்கள். 70 ஜிபி இடம் வேண்டும்.

சரி, ஓடுவது எப்படி? ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் இல்லாமல் ஹை செட்டிங்கில் நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பிரதிபலிப்புகளுக்கான ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனை மட்டும் உச்ச அளவான 'சைக்கோ'வில் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் லாபத்தைவிட அது தின்னும் ஃபிரேம்கள் அதிகம். கேமில் வரும் டாக்டவுன் பகுதியில் கூட்டம் சேரும்போது சறுக்கினால் பழி கார்டின் மேல் இல்லை, பிராசஸர் மேல். கிரவுட் டென்சிட்டியைக் குறைத்தால் சரியாகிவிடும். ரே டிரேசிங்கின் உச்ச வடிவமான பாத் டிரேசிங் போட்டுப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் நியான் விளக்குகள் அத்தனை அழகு. ஆனால் ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணிக்கையை எவ்வளவு ஏற்றிக் காட்டினாலும், மவுஸை நகர்த்தினால் ஒரு இழுவை கையில் தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க வைத்துக்கொள்ளலாம், துப்பாக்கிச் சண்டைக்கு ஆகாது.

முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட்டை எல்லோரும் தள்ளப் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு வலை முகப்புதான் சரி. தூசியைத்தான் அடிக்கடி தட்ட வேண்டியிருக்கும். வாங்கப் போகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், பைக்கை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். கார்டின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.