மீன் சாகும்போது எதை நம்புவது: சோதனைத் தாளா, சொட்டுக் குப்பியா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஐந்து வருடமாக ஒரு 2 அடி மீன் தொட்டி இருக்கிறது. ஏறக்குறைய 55 லிட்டர். கப்பி, பிளாட்டி, அடியில் மண்ணைத் துழாவிக்கொண்டே திரியும் கோரிடோரஸ் ஆறு. போன வருடக் கடைசியில் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, துடுப்பு கிழியவில்லை, வயிறு உப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை மாற்றுவேன். திங்கள் காலை இரண்டு மூன்று மிதக்கும்.

"நீ தண்ணி மாத்துனாதான்டா அதுங்க சாவுது. பேசாம விட்டுடு" என்றார் அம்மா. அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின்தான் காரணம் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். மலேசியத் தரநிலைப்படி வீட்டுக்கு வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்கலாம். மீனுக்கு அது ஆகாது. ஆனால் குளோரினைப் போக்கும் ஆண்டி குளோரின் சொட்டை நான் ஒரு தடவைகூடச் சேர்க்காமல் இருந்ததில்லை. ஆக, தண்ணீரைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கடைக்கு ஒரு பாட்டிலில் கொண்டு போனால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஆனால் மீன் சாகிற காலை நேரத்தில் கடை திறந்திருக்காது. பேனா போன்ற டிஜிட்டல் பிஎச் கருவி, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சை மட்டும்தான் காட்டும். மிச்சம் இரண்டு: நனைத்துப் பார்க்கும் தாள், சொட்டு விட்டுப் பார்க்கும் குப்பி. நான் இரண்டையும் வாங்கினேன். என் ஓட்டு குப்பிக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வாங்கியது தாள். 25 தாள் ஒரு டப்பாவில், விலையும் கை கடிக்காது. தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் பிஎச், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட், பிஎச்சை இறங்காமல் தாங்கும் காரத்தன்மையான கேஎச், தண்ணீரின் கடினத்தன்மையான ஜிஎச் ஐந்தும் தெரிந்துவிடும். என் தொட்டியில் நைட்ரைட் இல்லை, நைட்ரேட் சுமார். பிஎச்சும் கேஎச்சும் நிற அட்டையின் அடிமட்டத்தில் நின்றன. நைட்ரைட் கட்டம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த திங்களும் இரண்டு பிளாட்டி போயின.

அந்த ஐந்து கட்டங்களில், மீன் கழிவிலிருந்து முதலில் வரும் விஷமான அம்மோனியா இல்லை. கடையில் கிடைக்கும் ஐந்து கட்டத் தாள்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, தனி டப்பாவாக வாங்க வேண்டும். காரணம் தெரியாமல் மீன் சாகும்போது முதலில் பார்க்க வேண்டியதே அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம்தான் ஏபிஐ நன்னீர் மாஸ்டர் கிட் என்ற சொட்டுக் குப்பிப் பெட்டியை வாங்கினேன், 150 ரிங்கிட்டை ஒட்டி ஆனது. அம்மோனியாவுக்கு 5 மில்லி தொட்டித் தண்ணீரில் முதல் குப்பியிலிருந்து 8 சொட்டு, இரண்டாவதிலிருந்து 8 சொட்டு, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் கவலை இல்லை. என் சோதனைக் குழாயில் இருந்த தண்ணீர் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போய், பிறகு கரும்பச்சையாக நின்றது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

இவ்வளவு அம்மோனியாவில் மீன்கள் வாரம் முழுக்க எப்படி உயிரோடு நீந்தின? இங்கேதான் பிஎச் வருகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியமாக இருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை. கட்டற்ற அம்மோனியாவாக மாறினால் செவுளை எரித்துவிடும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவம். பிஎச் 7 என்றால் 0.8 சதவீதம், 8 என்றால் ஏழரை. பிஎச் ஒரு படி ஏறினால் விஷம் பத்து மடங்கு.

என் பழைய தொட்டியில் கேஎச் வற்றிப்போய், பிஎச் 6க்கு இறங்கியிருந்தது. அந்த அளவில் அம்மோனியாவை மாற்றித் தரும், பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும், அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஞாயிறு பாதித் தண்ணீரை மாற்றினால், புதுத் தண்ணீரின் கேஎச் சேர்ந்து பிஎச் 7.4க்குத் தாவும். அம்மோனியா பாதியாகக் குறைந்தும், விஷப் பங்கு மட்டும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். அம்மா பார்த்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீர் மாற்றிய அன்றுதான் செத்தன.

தினமும் ஒரு வாளி, பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினேன். கேஎச்சை ஏற்ற, பில்டரில் ஒரு சின்னத் துணிப்பையில் நொறுக்கிய பவளத் துண்டு போட்டேன். தீனியைப் பாதியாக்கினேன். ஒவ்வொரு காலையும் குப்பியில் பார்த்ததால்தான் பச்சை வெளிறி மஞ்சளாவதை நம்பிக் காத்திருக்க முடிந்தது. மூன்று வாரம் ஆனது.

தாளுக்கு இன்னொரு பலவீனம் ஈரக்காற்று. கடலோர ஊர், மழைக்காலம் வேறு. மூடியைத் திறந்து திறந்து எடுத்ததில் டப்பாவின் அடியில் இருந்த தாள்களின் கட்டங்கள் நனைக்கும் முன்பே நிறம் மாறியிருந்தன. குப்பிகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் குப்பிக்குப் பொறுமை வேண்டும். நைட்ரேட்டின் இரண்டாவது குப்பியை 30 வினாடி பலமாகக் குலுக்காவிட்டால் உள்ளே படிந்தது கலக்காது, அளவு குறைவாகவே காட்டும். சில குப்பிகளில் அமிலம் இருக்கிறது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

தாளைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். அந்தக் கிட்டில் கேஎச் குப்பி கிடையாது. கேஎச் வற்றியதை எனக்கு முதலில் காட்டியது தாள்தான், அதைப் படிக்கத் தெரியாதது என் குறை. இன்றும் மாதம் ஒரு தாள் கேஎச்சுக்காகவே நனைக்கிறேன். செடி வளர்த்து கார்பன் டை ஆக்சைடு விடுகிற தொட்டிகளுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பது வேறு விஷயம். என் அனுபவம் வெறும் மீன் தொட்டியோடு சரி.

குப்பி வாங்குவதாக இருந்தால், ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அதுதான். பழைய சரக்காக இருந்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.