கேட்வேயா, மொடியூலா, சின்னக் கணினியா?

யாழ்ப்பாணக் கடற்கரையில் ஓர் ஐஸ் ஆலையை எடுத்துக்கொள்வோம். நான்கு மின்மானிகள், மோட்டார் வேகத்தை மாற்றும் இரண்டு டிரைவ்கள். ஆறும் பேசுவது 1979இல் பிறந்த மொட்பஸ் என்ற கருவி மொழி, அதுவும் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஆர்.எஸ்.485 வயரில். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்து இயந்திரங்களை இயக்கும் கட்டுப்படுத்தியான எஸ்7-1200 பி.எல்.சி.யோ ஈதர்நெட்டில் புரொபிநெட் என்ற வேறு மொழி பேசுகிறது. கடையில் கேட்டால், இடையில் மொழிபெயர்க்கும் பெட்டியான கேட்வே ஒன்றைப் போட்டால் முடிந்தது என்பார்கள். நான் அவ்வளவு விரைவில் தலையாட்ட மாட்டேன்.

எண்களைத் திரையில் பார்த்தால் போதுமா, அவற்றை வைத்து பி.எல்.சி. ஏதாவது செய்ய வேண்டுமா?

பார்த்தால் போதும் என்றால், மின்மானிகளின் மொட்பஸ் ஆர்.டி.யு.வை (ஆர்.எஸ்.485 வயரில் வரும் வடிவம்) மொட்பஸ் டி.சி.பி.யாக (ஈதர்நெட்டில் போகும் வடிவம்) மாற்றும் கேட்வேதான். அலுவலகக் கணினி 502ஆம் போர்ட்டில் நேரே கேட்டுக்கொள்ளும், பி.எல்.சி.யைத் தொட வேண்டியதே இல்லை. புரோகிராமை எழுதியவர் கடவுச்சொல்லோடு கனடாவுக்குப் போய்விட்ட ஆலைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பி.எல்.சி.யும் அந்த எண்களைப் பயன்படுத்த வேண்டுமானால் என் விருப்பம் மாறும். புரொபிநெட் கேட்வே வாங்கினாலும் அதை பி.எல்.சி.க்கு அறிமுகப்படுத்தும் ஜி.எஸ்.டி. கோப்பை ஏற்றி, பி.எல்.சி.யை ஒருமுறை நிறுத்தத்தான் வேண்டும். எப்படியும் புரோகிராமைத் திறக்கிறோம் என்றால், பி.எல்.சி.யின் இடப்பக்கம் செருகி, ஆர்.எஸ்.485 வயரை நேரே இணைக்கும் சீரியல் மொடியூலே மேல். உப்புக்காற்றில் பழுதாகக்கூடிய பெட்டி ஒன்று குறைகிறது. ஆனால் கருவிகளை முறைவைத்துக் கேட்கும் புரோகிராமை நீங்களே எழுத வேண்டும். கேட்வேயில் அது அட்டவணை நிரப்பும் வேலை. கருவிகள் இருபதைத் தாண்டினால் நானும் கேட்வே பக்கம்தான்.

எதை வாங்கினாலும் வரும் தலைவலி ஒன்று உண்டு. ஒருமுறை மின்மானியின் முகப்பில் 230 வோல்ட், திரையில் 0.00. அரை நாள் வயரைச் சந்தேகித்தேன். வயரில் பிழையில்லை. தசம எண்ணுக்கு 32 பிட் வேண்டும்; மொட்பஸில் எண்ணை வைக்கும் அறையான ரெஜிஸ்டர் ஒன்றில் இருப்பது 16. ஆகவே எண் இரண்டு துண்டாக வருகிறது. துண்டுகள் இடம்மாறியதால், 230ஐக் கணினி பதினாறடிமானத்தில் குறிக்கும் 4366 0000 என்பது 0000 4366 ஆகி, பூச்சியத்தோடு ஒட்டிய எண்ணாகிவிட்டது. கேட்வே அமைப்பில் துண்டுகளின் வரிசைக்கான தெரிவை மாற்றியதும் 230 வந்தது.

மூன்றாவது வழியாக, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் நோட்-ரெட் என்ற மென்பொருளைப் போடுவதுதான் மலிவு; வரைபடங்களும் அழகாக வரும். மின்சாரம் திடீரென நின்று வரும் இடத்தில் அதன் மெமரி கார்டை நான் நம்புவதில்லை. பரீட்சித்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்வே எடுத்தால் இரண்டாக எடுத்து, அமைப்புக் கோப்பை பென் டிரைவில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மாற்றுப்பொருள் கொழும்பிலிருந்து வரும்வரை மீன் காத்திருக்காது. வயரின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்கட்டும். ஒரு கருவி பதில் சொல்லாமல் போனால், அதற்காகக் காத்திருக்கும் நேரம் மற்ற ஐந்தையும் தாமதப்படுத்தும். ஐஸ் உறைய மணிக்கணக்காவதால் அந்தத் தாமதம் பெரிதல்ல. கொம்பிரசரின் அவசர நிறுத்தத்தை மட்டும் இந்த மூன்று வழியிலும் விடாதீர்கள். அதற்குத் தனி வயர் இழுங்கள்.