ரைஸ் மில்லில் ஸ்க்ரூ கம்ப்ரஸர்: இன்டேக் வால்வைக் கவனியுங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ரைஸ் மில்லில் கலர் சார்ட்டருக்காக (நிறம் மாறிய அரிசியைக் காற்றடித்துப் பிரிக்கும் மெஷின்) ஸ்க்ரூ கம்ப்ரஸர் (திருகு போன்ற ரோட்டர்கள் சுற்றிக் காற்றை அழுத்தும் மெஷின்) போட்டுச் சில வருஷம் ஆகிறது. விற்க வந்தவர் ஹெச்பி (மோட்டார் சக்தி), சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று) பற்றித்தான் பேசினார். ஏர் ஃபில்டருக்குக் கீழே, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டிப் பார்த்தால் பாதி வில்லங்கம் அங்கேதான்.

ஸ்டார்ட் ஆகும்போது அந்த வால்வு மூடியே இருக்கும். மோட்டார் சுமையில்லாமல் வேகம் எடுக்க வேண்டுமே. சின்னத் துளை வழியாகப் போகும் காற்றிலேயே ஆயில் டேங்கில் கொஞ்சம் பிரஷர் ஏறும். மோட்டார் ஸ்டார்ட்டர் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (ஸ்டார்ட் இணைப்பிலிருந்து ஓட்ட இணைப்புக்கு) மாறியதும் சொலினாய்டுக்குக் (கரண்டில் இயங்கும் சின்ன வால்வு) கரண்ட் போகும், அந்தப் பிரஷரே வால்வைத் திறக்கும். அதுதான் லோடு. எங்கள் செட்டிங்கில் 7 பார் வந்ததும் சொலினாய்டு கட். இன்டேக் வால்வு மூடி, ஆயில் டேங்க் காற்று புஸ்ஸென்று வெளியேறும், அதுதான் அன்லோடு. லைன் 6 பாருக்கு இறங்கினால் மறுபடி லோடு. அன்லோடில் சும்மாதானே சுற்றுகிறது என்று நினைக்காதீர்கள், முழு லோடு கரண்டில் கால் பங்குக்குக் குறையாமல் இழுக்கும். அழுத்திய காற்றைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் டேங்க் சின்னதாக இருந்தால் லோடு, அன்லோடு என்று மாறி மாறி அடித்து வால்வும் சீக்கிரம் தேயும்.

போன சம்பா அரவையில் லோடு லைட் எரிகிறது, பிரஷர் 5-ஐத் தாண்டவில்லை, சார்ட்டர் அலாரம் அடிக்கிறது. வந்த மெக்கானிக் ஏர் எண்டு (ரோட்டர்கள் இருக்கும் முக்கிய பாகம்) போய்விட்டது என்று பெரிய தொகை சொன்னார். எங்கள் ஃபிட்டர், “இருங்க முதலாளி, முதல்ல இந்த இன்டேக் வால்வைக் கழட்டிப் பாத்துருவோம்” என்றார். வால்வைத் திறந்து மூடும் பிஸ்டனைச் சுற்றித் தவிட்டுத் தூசியும் ஆயிலும் குழைந்து கருப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. ஓ-ரிங் (ரப்பர் சீல் வளையம்) தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. துடைத்து, கிட் (வால்வின் ரப்பர் சீல் செட்) மாற்றினோம், பிரஷர் ஏறிவிட்டது.

இதற்கு நேர்மாறாக வால்வு மூடாமல் நின்றால் பிரஷர் எகிறி மெஷின் ட்ரிப் ஆகும், அல்லது சேஃப்டி வால்வு அடிக்கும். நிறுத்தியபின் ஏர் ஃபில்டர் உள்பக்கம் ஆயிலில் நனைந்திருந்தால் வால்வு சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். கழட்டும்முன் மெயினை ஆஃப் செய்து, ஆயில் டேங்க் பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

விலை குறைந்த கிட் ஒன்றும் போட்டுப் பார்த்தாயிற்று. அந்த ரப்பர் ஆயில் சூட்டில் உப்பிவிடுகிறது. கம்பெனி கிட் ஒன்றைச் சீசனுக்கு முன்பே வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறோம். கம்ப்ரஸருக்குக் காற்று உமித் தூசி பறக்கும் பக்கத்திலிருந்து வராதபடி டக்டையும் திருப்பியாயிற்று.