லாபிஸ் என்று சாயக்கல்லை விற்கிறார்கள், வெட்டும் முன் பார்த்துவிடுங்கள்

வண்ணக் கற்களை வெட்டிப் பொருத்திப் படம் உருவாக்கும் கல் பதிப்பு வேலை செய்கிறவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து படியுங்கள். ஆன்லைனில் லாபிஸ் லசூலி என்கிற நீலக்கல்லின் ஸ்லாப் (பலகை) வாங்கி நான்கு மாத உழைப்பை இழந்து நிற்கிறேன்.

ஓவியர் காண்டின்ஸ்கி 1926-ல் வரைந்த 'பல வட்டங்கள்' ஓவியத்தை ஒட்டி ஒரு பேனல் வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டிருந்தார். இருண்ட பின்னணியில் மிதக்கிற வட்டங்கள், அவற்றில் ஒரு பெரிய நீல வட்டம், அதற்குள் ஒரு கருப்பு வட்டம். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களில் நிறம் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் மாறும். வண்ணத்தில் அது இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். கல்லில் அந்த இலை வடிவத் துண்டுக்கென்றே இடைப்பட்ட நிறத்தில் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து, வெட்டி, அரத்தால் ராவி, மேல்முகத்தில் தலைமுடி நுழையாத அளவுக்குப் பொருத்த வேண்டும். ஒரு துண்டுக்கே இரண்டு மூன்று நாள் போய்விடும். அந்தப் பெரிய நீலத்துக்குத்தான் லாபிஸ்.

ஸ்லாப் வந்த அன்றே, சாயம் ஏற்றியதா என்று பார்க்க எல்லோரும் சொல்கிற சோதனையைச் செய்தேன். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அசல் லாபிஸில் இருப்பது போலத் தங்கப் பொட்டுகளும் மினுமினுத்தன. சரி, நல்ல கல்தான் என்று நம்பிவிட்டேன்.

அறுக்கும்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வில் ரம்பத்தின் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. லாபிஸின் கடினம் மோஸ் அளவில் (கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 5 முதல் 5.5, அது இவ்வளவு சுலபமாக வழிவிடாது. அறுத்தால் லேசாகக் கந்தக வாடை வேறு வரும், இதில் ஒரு வாடையும் இல்லை. எல்லாவற்றையும் விட, கம்பியோடு வந்த தூள் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருந்தது. பழைய ஓவியர்கள் அல்ட்ராமரைன் நீலம் எடுத்ததே லாபிஸைப் பொடித்துத்தான், அதன் தூள் நீலமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அறுக்கும்போது கம்பியில் இடும் தேய்ப்புத் தூளும் கலந்திருந்ததால் அதன் நிறம்தான் போல என்று விட்டுவிட்டேன்.

எல்லாத் துண்டுகளையும் எப்பாக்சியில் ஒட்டி முடித்து, கடைசியாக மேற்பரப்பைச் சமப்படுத்தத் தேய்த்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. முதலில் தங்கப் பொட்டுகள் காணாமல் போயின, ஏனென்றால் அவை கல்லில் இல்லை, மேலே பூசிய ரெசினில் இருந்தன (அந்த ரெசின்தான் என் பஞ்சையும் ஏமாற்றியது). அப்புறம் வட்டத்தின் நடுவில் நீலம் மெலிந்து ஒரு கை அகலத்துக்கு வெள்ளை எழும்பியது. ஈரத்தோடு கரைந்த சாயம் பக்கத்தில் இருந்த வெள்ளை மார்பிளின் ஓரத்தில் இறங்கி ஊதாக் கறையாக நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

விற்றவரிடம் படம் அனுப்பினேன். "அது கால்சைட், இயற்கைக் கல்லில் வரும்" என்றார். அசல் லாபிஸில் கால்சைட் என்கிற வெள்ளைக் கனிமம் வரும்தான், ஆனால் அது எந்த ஆழத்தில் வெட்டினாலும் கோடாகவோ திட்டாகவோ தெரியும், மேல்தோல் மட்டும் நீலமாகவும் உள்ளே முழுக்க வெள்ளையாகவும் இருக்காது. மீதித் துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் நீலம் இருந்த ஓரத்தில் அசிட்டோன் வைத்தேன், பஞ்சு நீலமாகிவிட்டது. ஹவ்லைட் மாதிரியான ஏதோ ஒரு வெள்ளைக் கல், சாயத்தில் ஊறவைத்தது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். வெட்டிய கல்லைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி வந்தது, அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அதனால் ஸ்லாப்பின் மேல்முகத்தில் சோதித்து ஏமாறாதீர்கள். ஒரு மூலையை உடைத்து, அந்தப் புது முகத்தில் பஞ்சு வையுங்கள். சாணைக்கல்லில் உரசித் தூளின் நிறத்தைப் பாருங்கள். ஹவ்லைட்டின் கடினம் 3.5தான், இரும்பு ஆணி சுலபமாகக் கீறிவிடும். மூலையை உடைத்துப் பார்க்கச் சம்மதிக்காத, சாம்பிள் துண்டு தராத ஆளிடம் வாங்கவே வேண்டாம். டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல் வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள், ஹவ்லைட்டின் வலைக்கோடுகள் அதற்கு அப்படியே பொருந்திவிடும்.

எனக்குப் பணத்தை விட வலித்தது வேறு. லாபிஸ் என்று என் வாயால் சொல்லித்தான் முன்பணம் வாங்கினேன், பேனல் அப்படியே போயிருந்தால் வெயில் படும் சுவரில் கொஞ்ச நாளில் வெளுத்திருக்கும், ஏமாற்றியது நான் என்றாகியிருக்கும். வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, காத்திருக்கிறேன் என்றார். மெழுகும் குங்கிலியமும் கலந்த பழைய பசையில் ஒட்டியிருந்தால் சூடு காட்டியே கழற்றியிருப்பேன், எப்பாக்சி அவ்வளவு லேசில் விடாது. இப்போது அந்த நீல வட்டத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதைத் தொட்டுக்கொண்டிருந்த இலைத் துண்டுகளில் இதுவரை இரண்டு உடைந்துவிட்டன.

அந்தப் போலி ஸ்லாப்பில் உள்ளங்கை அளவு மீதி இருக்கிறது. கையில் வைத்துச் சோதித்துப் பழக வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், சில்லு உடைத்து அனுப்புகிறேன்.