குட்டி பொக்லைனுக்குப் பின்கண்: பத்து மாதம் ஓட்டிய கேமரா செட்

கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டம், ரிசார்ட் புல்தரை வேலைகளை எடுத்துச் செய்கிறேன். ஒன்றே முக்கால் டன் குட்டி பொக்லைன் சொந்தமாக இருக்கிறது, நானே ஓட்டுவேன். போன ஐப்பசியில் ஒரு மஞ்சு மூடிய காலை, சரிவில் படிமேடை வெட்டும்போது வண்டியை இடப்பக்கம் சுழற்றினேன். ஹெல்பர் தம்பி வலது பின்பக்கம் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் அலறல் கேட்டுத்தான் லீவரை விட்டேன். வண்டியின் பின்னால் இருக்கும் கனமான இரும்பு எடைக்கும் (கவுண்டர் வெயிட்) அவன் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

சின்ன வண்டிதானே என்று நினைக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் இன்ஜின் மூடிக்குப் பின்னால் குனிந்திருக்கும் ஆள் தெரியவே மாட்டான்.

அந்த வாரமே கோவைக்கு இறங்கிக் கேமரா செட் வாங்கினேன். பின்னால் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஏழு இஞ்ச் திரை. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடுகிறது. பொருத்துக்கூலியோடு 9,600 ரூபாய்.

வெயிலில் படம் அருமை. மஞ்சு இறங்கினால்தான் தொல்லை. வெளிச்சம் குறைந்ததும் லென்ஸைச் சுற்றியிருக்கும் இரவு விளக்குகள் தானாக எரிகின்றன. அந்த ஒளி மஞ்சில் பட்டுத் திரும்பித் திரையே வெள்ளையாகிவிடும். விளக்குகள் மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டினேன், சரியாகிவிட்டது. மூன்றாவது வாரம் அதிர்வில் ஸ்குரூ கழன்று கேமரா வானத்தைப் பார்த்தது. லாக் நட் போட்ட பிறகு அசையவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது அகலக் கோண லென்ஸ். மூன்றடியில் நிற்பவர் திரையில் எட்டிப்போய் நிற்பது போலத் தெரிவார், அதை நம்பி வண்டியைத் திருப்பாதீர்கள். பக்கெட்டை மண்ணில் ஊன்றி வண்டி அசையாமல் பூட்டும் லாக் லீவரைத் தூக்கிய பிறகே தம்பி கிட்டே வரலாம் என்று கட்டாயமாக்கியிருக்கிறேன்.

அப்புறம், அவனுக்கு முன்பு வாங்கிய பச்சை கலந்த மஞ்சள் சட்டை தேயிலைக் கொழுந்தோடு கலந்து தெரியவே இல்லை. இப்போது ஆரஞ்சு. திரையிலும் பளிச்சென்று தெரிகிறது.

வாங்குபவர்கள் பெட்டியில் ஐபி69கே (IP69K) என்ற தண்ணீர், தூசி புகாத் தரக்குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், சேறு போகப் பிரஷர் பம்பில் கழுவினாலும் கேமராவுக்குள் தண்ணீர் இறங்காது. என்னுடையதில் இதுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை.